கண்ணாடிக்காரியும் ஒன்றேகால் அடிப் படகும்

கண்ணாடிக் கடை கணவருடையது. பெயர்ப்பலகையில் இருப்பதும் அவர் பெயர்தான். ஆனால் அங்கே அளவு சொல்லும் அதிகாரம் மனைவிக்கு மட்டுமே. டேப்பை இழுத்துப் பிடித்து, வைரமுனையால் ஒரே கோடு கிழித்து, டக்கென்று கண்ணாடியை இரண்டாக்கிக் கொடுப்பாள். பிறகு கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, "அரை நூல் கூட இருக்கு, தேய்ச்சுடுங்க" என்பாள். ஒரு நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. அதில் பாதியைக்கூட விட்டுக்கொடுக்காதவளுக்கு வேறு என்ன பெயர் வைப்பார்கள்? 'அரைநூல்' என்றே எல்லோரும் அழைத்தார்கள். முதலில் முதுகுக்குப் பின்னால், அப்புறம் முகத்துக்கு நேராகவே. அவளுக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

வயது நாற்பத்தொன்று. கணவரின் தங்கை, வீட்டில் எல்லோருக்கும் 'சின்னவள்', அவளைவிடப் பன்னிரண்டு வயது இளையவள். அவளுக்கும் கடையில்தான் வேலை. ஆளுயரக் கண்ணாடியை ஒருவராகத் தூக்க முடியாது. முன்னால் சின்னவள், பின்னால் அண்ணி என்று பத்து வருடமாக இருவரும் தூக்கிக்கொண்டு நடக்கிறார்கள். மாடிப்படி, லிஃப்ட், குறுகலான தாழ்வாரம் எதுவும் பாக்கியில்லை. அந்தப் பத்து வருடத்தில் இருவர் கையிலும் ஒரு தையல்கூடக் கிடையாது. இந்தத் தொழிலில் இருக்கிறவர்களிடம் சொல்லிப் பாருங்கள், நம்பமாட்டார்கள்.

சின்னவளின் உயிர் பாதி கடையில் என்றால் மீதி ஏரியில். விடிந்ததும் படகுக் கிளப்புக்குப் போய்விடுவாள். இரண்டு பேர் உட்கார்ந்து துடுப்பு போடும் பந்தயக் கயாக்கில் முன்னால் இவள், பின்னால் ஒரு நர்ஸ். போன வருடப் பெரிய பந்தயத்தில் இந்த ஜோடி நான்காவதாக வந்து, கண்ணிமைக்கும் நேர வித்தியாசத்தில் பதக்கத்தைக் கோட்டைவிட்டது. இந்த வருடம் விடுவதில்லை என்று இருவரும் மழை பனி பார்க்காமல் உழைத்தார்கள். பந்தயத்துக்கு ஆறு வாரம் இருக்கும்போது நர்ஸுக்குத் தோள்பட்டை விலகிவிட்டது. துடுப்பைத் தொடவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

ஜோடி இல்லாமல் பெயர் கொடுக்க முடியாது. பெயர் கொடுக்க நான்கு வாரம்தான் பாக்கி. கிளப்பில் மற்ற எல்லோருக்கும் ஏற்கெனவே ஜோடி இருந்தது. அன்று சாப்பாட்டு மேசையில் சின்னவள் தட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒரு வாய்கூட உள்ளே போகவில்லை.

"சரி, நான் வர்றேன்," என்றாள் அரைநூல்.

கணவருக்குச் சிரிப்பில் புரையேறிவிட்டது. தலையில் தட்டிக்கொண்டு, தண்ணீர் குடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார். "நீயா? உனக்கு என்ன வயசு?"

"நீங்க சிரிங்க, பரவால்ல. நான் ஸ்கூல்ல நீச்சல்ல கப்பு வாங்கினவ. பத்து வருஷமா இவ பின்னாடியே நடக்கிறேன். எந்தக் கால எப்ப எடுத்து வைப்பான்னு இவளவிட எனக்கு நல்லாத் தெரியும். தண்ணிக்குப் போனா மட்டும் அது மாறிடுமா?"

சின்னவள் தலையை நிமிர்த்தினாள். அவள் சிரிக்கவில்லை.

கிளப்பின் செயலாளருக்குக் கழுத்தில் எந்நேரமும் விசில் தொங்கும், வாயில் எந்நேரமும் விதி தொங்கும். அதனால் அவர் விசில்காரர். அவர் அரைநூலை ஏற இறங்கப் பார்த்துவிட்டு ஒரு விதியை எடுத்துப் போட்டார். இரட்டைப் படகில் உட்கார வேண்டுமானால், முதலில் ஒற்றைப் படகில் தனியாகப் போக வேண்டும். அரை கிலோமீட்டர் தள்ளி மிதக்கிற சிவப்பு டிரம்மைச் சுற்றிக்கொண்டு, புறப்பட்ட கோட்டுக்கே திரும்ப வேண்டும். நடுவில் ஒருமுறை தண்ணீரில் விழுந்தாலும் போச்சு.

"நனையாம வந்தா கையெழுத்துப் போடறேன். பெயர் கொடுக்கிற கடைசி நாள் வரைக்கும் உங்களுக்கு டைம்," என்றார்.

முதல் வாரம் படகே இல்லை. கடையின் பின்கட்டில் ஒரு ஸ்டூல், கையில் துடைப்பக் குச்சி. சின்னவள் எதிரே நின்று பாடம் எடுத்தாள்.

"கையால இழுக்காதீங்க அண்ணி. கை வெறும் கயிறுதான். இடுப்புக்கு மேல மொத்தமாத் திரும்புங்க. வலது பக்கம் துடுப்பு இறங்கறப்ப வலது கால அழுத்துங்க. கால் விரலுக்குப் பக்கத்துல தண்ணியில இறங்கணும், இடுப்புக்கு வந்ததும் வெளிய வந்துடணும். அதுக்கு மேல இழுத்தா படகுக்கு பிரேக் போட்ட மாதிரி."

"மேல் கை?"

"கண்ணு உயரத்துல. கீழ பார்க்காதீங்க, தூரத்துல பாருங்க."

கணவர் வாசலில் நின்று வேடிக்கை பார்த்தார். "கடையப் பெருக்கச் சொன்னா காத்தைப் பெருக்கறா," என்று வாடிக்கையாளர்களிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார். அரைநூல் அதைக் காதில் வாங்கவே இல்லை. கண்ணாடி வெட்டுகிற கைக்கு ஒரே கோட்டில் போய் வருவது புதிதா என்ன? நான்கே நாளில் குச்சி சொன்ன இடத்தில் இறங்கி, சொன்ன இடத்தில் ஏறியது. சின்னவளே அசந்துபோனாள்.

இரண்டாவது வாரம் படகு வந்தது. நீளம் பதினேழு அடி. அகலத்தை அரைநூல் டேப் வைத்தே அளந்தாள். ஒன்றேகால் அடி.

"ஏண்டி, இதுல மனுஷங்க உக்கார்றாங்களா, இல்ல ஸ்கேல்ல உக்கார்றாங்களா?"

"உக்காந்தா தெரியும் அண்ணி."

உட்கார்ந்தாள், தெரிந்தது. மூச்சு விட்டால் இடது பக்கம் சாய்கிறது, மூச்சு இழுத்தால் வலது பக்கம் சாய்கிறது. முதல் நாள் காலையில் பதினோரு முறை விழுந்தாள். அடுத்த நாள் ஒன்பது. "ஏரி மீனுக்கெல்லாம் இப்ப உங்கள நல்லாத் தெரிஞ்சிருக்கும்," என்றாள் சின்னவள். அரைநூலுக்கும் சிரிப்பு வந்தது. விழுவதைப் பற்றி அவளுக்கு வெட்கமில்லை. அந்தப் படகில் உட்கார்ந்து விழாதவர் உலகத்தில் கிடையாது.

ஆனால் அவள் விழுவதில் ஒரு விசித்திரம் இருந்தது. மற்றவர்கள் துடுப்பைக் கட்டிப் பிடித்தபடி விழுவார்கள். அவளோ படகு லேசாகச் சாய்ந்த உடனேயே துடுப்பைப் போட்டுவிட்டு இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கிவிடுவாள். துடுப்பு ஒரு பக்கம் பறக்கும், அவள் ஒரு பக்கம் போவாள். கொஞ்சம் சாய்ந்தால் துடுப்பின் தகட்டைத் தண்ணீரில் வைத்தாலே போதும், படகு தானாக நிமிர்ந்துவிடும். அதைத்தான் சின்னவள் தொண்டை வறளக் கத்திக்கொண்டிருந்தாள். கை கேட்டால்தானே?

கரையில் நின்ற விசில்காரர் கேட்டார். "அம்மா படகிலேர்ந்து விழறாங்களா, சரணடையறாங்களா?"

ஒரு வாரம் இதே கதை. துடுப்பு போடும் அழகைப் பார்த்தால் பத்து வருடம் பழகியவள் மாதிரி இருக்கும். பத்தாவது வீச்சில் ஒரு சின்ன அலை வரும். கை மேலே, ஆள் கீழே.

மர்மம் கடையில் உடைந்தது, கண்ணாடியோடு சேர்ந்து. மேசை விளிம்பில் சாய்த்து வைத்திருந்த நிலைக்கண்ணாடி ஒன்று வழுக்கியது. பக்கத்தில் நின்ற அரைநூல் துள்ளிப் பின்னால் நகர்ந்தாள். கண்ணாடி தரையில் விழுந்து தூள் தூளானபோது, அவள் இரண்டு கைகளும் தலைக்கு மேலே இருந்தன.

"அண்ணி, அப்படியே நில்லுங்க!" என்று அலறினாள் சின்னவள். "கையை இறக்காதீங்க! நீங்க ஏரியில பண்றது இதுதான்!"

அரைநூல் நிமிர்ந்து தன் கைகளைப் பார்த்தாள். அவளுக்கும் புரிந்துவிட்டது. அந்தத் தொழிலில் சேர்ந்த முதல் நாள் சொல்லிக்கொடுப்பதே அதுதான். விழுகிற கண்ணாடியைப் பிடிக்காதே, கையை எடு, தள்ளி நில். பத்து வருடமாக அந்தப் பாடம் யோசனைக்கு இடமே வைக்காமல் கையில் ஊறிக் கிடக்கிறது. ஏதாவது சாய்ந்தால் கை விட்டுவிடும். அது கண்ணாடியா படகா என்று கை நின்று விசாரிப்பதில்லை.

"அப்ப சுலபம்," என்றாள் சின்னவள். "விடாம பிடிக்கப் பழகிட்டா முடிஞ்சது."

"முடிஞ்சதுதான்," என்றார் கணவர். அவர் குரலில் கேலி இல்லை.

இடது கையை மேசைமேல் விரித்து வைத்தார். நடுவிரலும் அடுத்த விரலும் பாதிக்கு மேல் மடங்காது. கல்யாணத்துக்கு முன்பு, இருபத்திரண்டு வயதில், வழுக்கிய கண்ணாடி ஒன்றை அவர் எட்டிப் பிடித்தார். அந்தக் கடையில் வெட்டுகிற வேலை மனைவி கைக்கு வந்த கதையே அதுதான்.

"ஏரியில பிடிக்கப் பழகினா, ஒரு நாள் இங்கயும் பிடிப்ப. கை நின்னு விசாரிக்காதுன்னு நீயே பார்த்தியே. போகாதேன்னு நான் சொல்லல. யோசிச்சுக்கோ, அவ்வளவுதான்."

இரண்டு நாள் அவள் ஏரிப் பக்கம் போகவில்லை. கடைசி நாளுக்கு ஒன்பது நாள் இருந்தது. சின்னவளும் கூப்பிடவில்லை. "விடுங்க அண்ணி. பந்தயம் அடுத்த வருஷமும் வரும். உங்க கை வராது," என்றாள். சொல்லும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அந்தத் திருப்பல்தான் அரைநூலைக் குத்தியது.

மூன்றாம் நாள் ஒரு ஹோட்டலுக்குப் பெரிய கண்ணாடி ஒன்று போக வேண்டியிருந்தது. வண்டி உள்ளே போகாது. தெருமுனையிலிருந்து இருவரும் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். பாதித் தூரத்தில் காற்று எழுந்தது. கண்ணாடி நெளிந்தது, இந்தப் பக்கம் ஒருமுறை, அந்தப் பக்கம் ஒருமுறை. முன்னால் சின்னவளின் நடை தயங்கியது.

"நிக்காதே!" என்று பின்னாலிருந்து குரல் கொடுத்தாள் அரைநூல். "நட, நட. சின்ன அடியா வை. நின்னா காத்து பிடுங்கிட்டுப் போயிடும்."

நடந்தார்கள். சின்னச் சின்ன அடி, ஒரே தாளம். கண்ணாடி ஆடிக்கொண்டே வந்தது, பத்திரமாக வந்து சேர்ந்தது. சுவரில் சாய்த்து வைத்துவிட்டுக் கையுறையைக் கழற்றிய அரைநூல் அப்படியே நின்றுவிட்டாள்.

"ஏய், இப்ப நான் ஏன் கையை விடல?"

"எதுக்கு விடணும்? ஆடத்தானே செஞ்சுது. விழலையே."

"அதைத்தாண்டி நானும் கேக்கறேன். படகும் ஆடத்தானே செய்யுது?"

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஹோட்டல் மேனேஜர் கண்ணாடியை எங்கே மாட்ட வேண்டும் என்று மூன்று முறை கேட்டும் இரண்டு பேரும் பதில் சொல்லவில்லை, பாவம்.

அவள் கைக்குப் புதிதாக எதையும் கற்றுக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. விழுகிற கண்ணாடியை விட்டுவிடவும் அதற்குத் தெரியும், ஆடுகிற கண்ணாடியோடு நடக்கவும் அதற்குத் தெரியும். ஏரியில் ஆடுவதைப் பார்த்து விழுவதாக நினைத்துக்கொண்டது, அவ்வளவுதான் குற்றம். மறுநாள் காலை படகு சாய்ந்தபோதெல்லாம் அவள் வாய்விட்டே சொன்னாள், "ஆடுது, நட." சொல்லிவிட்டு ஒரு சின்ன வீச்சு. தகடு தண்ணீரைத் தொட்டதும் படகு நிமிர்ந்தது. இடுப்பை இறுக்காமல் விட்டாள். படகு ஆடட்டும், மேல் உடம்பு தன் வேலையைப் பார்க்கட்டும். அன்று நான்கு முறை விழுந்தாள். அடுத்த நாள் இரண்டு. அதற்கடுத்த நாள் டிரம் வரை போய், சுற்றும்போது விழுந்தாள். கடைசி நாளுக்கு முந்தைய நாள் வரை தினமும் அதே இடத்தில்தான் விழுந்தாள்.

கடைசி நாள் பார்த்துக் காற்று. விசில்காரர் ஏரியைப் பார்த்தார், அரைநூலைப் பார்த்தார், வாயிலிருந்த விதியை விழுங்கிவிட்டு, "வேணும்னா சாயங்காலம் வரைக்கும் காத்திருக்கலாம்," என்றார். அவ்வளவு இரக்கம் அவரிடமிருந்து வந்ததை அதற்கு முன்பு யாரும் பார்த்ததில்லை.

"காத்துலயும் டெலிவரி உண்டு," என்று சொல்லிவிட்டு அவள் உட்கார்ந்தாள்.

கணவர் கடையைப் பூட்டிவிட்டு வந்திருந்தார். பத்து வருடத்தில் வேலை நாளில் கடை பூட்டியது அதுதான் முதல் தடவை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஓர் ஓரமாக நின்றார். சின்னவள் கரையில் நிற்க முடியாமல் நடந்துகொண்டே இருந்தாள்.

விசில் ஒலித்தது. போகும்போது காற்று எதிரே. கால் அழுத்தல், இடுப்புத் திருப்பம், தகடு முழுதாக மூழ்கிய பிறகே இழுப்பு. அவசரப்பட்டால் பாதித் தகடு தண்ணீரைக் கீறிவிட்டு வந்துவிடும், படகு நின்ற இடத்திலேயே நிற்கும். அவள் அவசரப்படவில்லை. கண்ணைச் சிவப்பு டிரம்மிலேயே வைத்திருந்தாள். அலை அடித்தது, படகு துள்ளியது. "ஆடுது, நட." முகத்தில் தண்ணீர் தெறித்தது. "ஆடுது, நட."

டிரம் வந்தது. காலடியில் இருக்கும் சுக்கானை மெல்ல மிதித்தாள். படகு திரும்பத் திரும்ப அலை பக்கவாட்டில் ஏறியது. நேற்றும் முந்தாநாளும் விழுந்த இடம் இதுதான். படகு சாய்ந்தது, நிஜமாகவே சாய்ந்தது, ஒரு பக்க விளிம்பு தண்ணீரைத் தொட்டுவிட்டது. கைகள் மேலே எழும்பப் பார்த்தன. அடியைச் சின்னதாக்கினாள். ஒரு வீச்சு, குட்டியாக. இன்னொன்று, குட்டியாக. மூன்றாவதில் படகு நிமிர்ந்துகொண்டது. டிரம் அவளுக்குப் பின்னால் இருந்தது.

கரையில் சின்னவள் கத்தியது ஏரியின் அக்கரைவரை கேட்டிருக்கும். திரும்பும்போது காற்று முதுகில். வீச்சுக்கு வீச்சு படகு முன்னால் பாய்ந்தது. தன் கீழே அந்த ஒன்றேகால் அடி ஓடுவதை அரைநூல் உணர்ந்தாள். நெஞ்சு நிறைந்துவிட்டது. இதை நான் ஓட்டுகிறேன், நான்தான் ஓட்டுகிறேன் என்று உள்ளே ஒருத்தி குதித்துக்கொண்டிருந்தாள். கோட்டைத் தாண்டினாள். விசில் நீளமாக ஒலித்தது.

அப்புறம்தான் அந்தக் கூத்து. படகைக் கரைப்பலகையை ஒட்டிக் கொண்டுவந்து, எல்லோரையும் பார்த்துச் சிரித்தபடி எழுந்தாள். ஒரு கால் பலகையில், ஒரு கால் படகில். படகு நழுவியது. இந்தத் தடவை ஆடவில்லை, விழுந்தேவிட்டாள். துடுப்பு ஒரு பக்கம் பறந்தது, கைகள் இரண்டும் தலைக்கு மேலே போயின, ஆள் தொப்பென்று தண்ணீரில்.

சின்னவள் வாயைப் பொத்திக்கொண்டாள். ஆனால் ஒரு மனிதர் மட்டும் கைதட்டிக்கொண்டு கரையோரம் ஓடி வந்தார்.

"விட்டுட்டா! பார்த்தீங்களா? கையை விட்டுட்டா!" என்று கணவர் கூவினார். "நிஜமா விழறப்ப விட்டுட்டா! ஒண்ணும் மறக்கல, அந்தக் கை ஒண்ணும் மறக்கல!" பெண்டாட்டி தண்ணீரில் விழுந்ததற்கு இப்படிக் கொண்டாடுகிற ஆளைக் கிளப்பில் யாரும் கண்டதில்லை. அவர் கண்ணில் நீர் வேறு. மடங்காத விரல்களோடு அந்தக் கையை நீட்டி அவளை மேலே இழுத்தார். "என் பெண்டாட்டி," என்று விசில்காரரிடம் சொன்னார், அவருக்குத் தெரியாத மாதிரி.

விசில்காரர் தாடையைச் சொறிந்தார். "நனையாம வரணும்னு சொல்லியிருந்தேன்."

"கோட்டைத் தாண்டற வரைக்கும் காஞ்சுதான் சார் இருந்தேன்," என்றாள் அரைநூல், கூந்தலைப் பிழிந்துகொண்டே. "நீங்க விசில் ஊதினதுக்கு அப்புறம் குளிச்சேன். அதுக்கும் விதி இருக்கா?"

அவர் யோசித்துப் பார்த்தார். இல்லை. படிவத்தை எடுத்துக் கையெழுத்துப் போட்டார். பிறகு இரட்டைப் படகுக்கான பகுதியை நிரப்ப ஆரம்பித்தார். முன்னால் யார், பின்னால் யார் என்று எழுதிக்கொண்டார். அடுத்த கட்டத்தில் பேனா நின்றது.

"இந்த ஜோடி சேர்ந்து எவ்வளவு நாளாச்சு? மத்தவங்க எல்லாம் ரெண்டு வருஷம், மூணு வருஷம்னு போட்டிருக்காங்க. உங்களுக்கு என்ன போடறது? பூஜ்யமா?"

சின்னவள் அண்ணியைப் பார்த்தாள். நனைந்த ஈரத்தில் நடுங்கிக்கொண்டிருந்த அண்ணி நேராக நிமிர்ந்து நின்றாள். படிவத்தில் சொட்டிய தண்ணீரைப் பற்றிக்கூட அவளுக்குக் கவலையில்லை.

"பத்து வருஷம்னு போடுங்க," என்றாள். "அரை நூல்கூடக் குறையாது."

விசில்காரர் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, அந்தக் கட்டத்தில் பத்து என்று எழுதினார்.